முந்தி வந்த பலகை

அக்டோபர் 4

இன்று காலை உறுதியானது: இயந்திரம் கேட்பதை நிறுத்தவில்லை, தவறாகக் கேட்கிறது. சொன்னவர் ஆய்வுக்கூடத்தின் தலைவர் டாக்டர் திலகவதி. நேரில், ஆறிப்போன காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு முறை சொன்னார்.

ஒரு மாதப் பத்திரிகைக்கு நீண்ட கட்டுரை எழுத ஒப்புக்கொண்டு ஆகஸ்டிலிருந்து இங்கே வந்து போகிறேன். நிருபர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் குறிப்பெடுக்கும் பழக்கம் விடவில்லை. கட்டுரைக்கு உதவாதவை இந்த நாட்குறிப்புக்கு வருகின்றன.

ஆய்வுக்கூடம் கோவைக்கு மேற்கே, ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் இடத்தில் இருக்கிறது. இயந்திரம் என்பது ஆள் உயர இரும்பு அலமாரிகள் நான்கு. அவற்றுக்குள் பலகை பலகையாகக் கணினிச் சில்லுகள். மூளையில் நரம்புகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவதுபோல இந்தப் பலகைகள் சிறு துடிப்புகளை அனுப்பிக்கொள்கின்றன. பக்கவாதத்தில் பேச்சு குழறிப்போனவர்கள் பேசுவதைக் கேட்டு, அவர்கள் பேசப் பேசத் திரையில் எழுத்தாக்குவதுதான் இதன் வேலை. ஆறு பேரின் குரல்களை ஒரு மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சிப் பிரிவு பதிவு செய்து அனுப்பியிருக்கிறது. பெயர் கிடையாது, எண் மட்டும். ஆறிலும் கடினமானது நான்காம் குரல்.

செப்டம்பர் கடைசியில் அந்த நான்காம் குரல்கூடப் பிடிபடத் தொடங்கியிருந்தது. பிறகு ஆயுத பூஜை வந்தது. இயந்திரத்தை அணைத்தார்கள். துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரிகடலை படைத்து, விஜயதசமியன்று மறுபடி போட்டார்கள். முதலாம் குரல் “ஜன்னலைத் திற” என்றது. திரையில் “திறவாத ஜன்னல் நீ” என்று வந்தது. அன்று எல்லோரும் சிரித்தார்கள். இன்று யாரும் சிரிக்கவில்லை.

நிதி தரும் குழு 30ஆம் தேதி வருகிறது. அதற்குள் சரியாகாவிட்டால் சுலபமான குரல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திட்டத்திலிருந்து விட்டுவிடுவதாக திலகவதி சொன்னார். முதலில் போவது நான்காம் குரல்.

வீட்டுக்கு வந்தபோது மேகம் இறங்கியிருந்தது. என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. சாய்வு நாற்காலியில் இருந்தார். மாலையில் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். ‘இ’யில் தொடங்குகிறது, பிறகு நாக்கு சுருண்டுகொள்கிறது. என்ன சொல்கிறார் என்று தெரிந்தால் பாதிக் கவலை தீரும். இருட்டு என்கிறார்போல. எழுந்துபோய் விளக்கைப் போட்டேன்.

அக்டோபர் 5

ஞாயிறு. பேட்டி இல்லை. மாவு அரைத்தேன். அவர் சொன்னது இட்லியாகவும் இருக்கலாம்.

அக்டோபர் 7

செபாஸ்டின் ஊரிலிருந்து திரும்பிவிட்டார். தூத்துக்குடிக்காரர். இயந்திரத்தின் பலகைகளையும் கம்பிகளையும் பூட்டியவர் இவர்தான். பூஜை விடுமுறைக்கு அம்மாவைப் பார்க்கப் போயிருந்தார். வந்ததிலிருந்து ஒவ்வொரு பலகையையும் கணினி வழியாகத் தனித்தனியாகச் சோதித்துக்கொண்டிருக்கிறார். தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் சரியாகச் சொல்கிறது. சேர்ந்தால்தான் தடுமாறுகிறது.

எனக்குப் புரியும்படி சொல்லச் சொன்னேன். அவர் சொன்னதன் சுருக்கம்: எல்லாப் பலகைகளுக்கும் ஒரே தாளம். தாளம் விழும்போது ஒவ்வொரு பலகையும் தன்னிடம் வந்து சேர்ந்திருக்கும் துடிப்புகளைப் படிக்கும். ஒரு வினாடியை நூறு கோடியாகப் பங்கிட்டால், ஒரு முழக் கம்பியைக் கடக்க அதில் இரண்டு பங்கு ஆகும். அந்த இரண்டு பங்குதான் சங்கதி. ஒரு சொல்லின் முன்பாதியை ஒரு பலகை கேட்கிறது, பின்பாதியை இன்னொன்று. இரண்டும் ஒரே தாளத்துக்குள் மூன்றாவது பலகைக்குப் போய்ச்சேர வேண்டும். ஒன்று தப்பினால் மூன்றாவது அதைப் பக்கத்துச் சொல்லோடு ஒட்டிவிடும். இயந்திரம் நிற்காது, சிவப்பு விளக்கு எரியாது. முழு நம்பிக்கையோடு வேறொன்றைச் சொல்லும்.

தாமதமாக வரும் துடிப்புதானே தொல்லை என்று கேட்டேன்.

“எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க மேடம். லேட்டா வர்றவனுக்குக் காத்திருந்துக்கிடலாம். முந்தி வர்றவந்தான் பெரிய தொல்லை. அடுத்தவன் சொல்லி முடிக்கதுக்குள்ள இவன் பதிலச் சொல்லிட்டுப் போயிருவான்.”

நல்ல மேற்கோள். கட்டுரைக்கு எடுத்து வைத்தேன்.

செப்டம்பரில் இயந்திரத்தின் பின்கதவைத் திறந்து காட்டியவரும் இவர்தான். உள்ளே கம்பிகள் தட்டில் பிழிந்த முறுக்குபோலச் சுருள் சுருளாக இருந்தன. இன்று கதவு மூடியிருந்தது, குளிர் வெளியே போய்விடும் என்று திறப்பதில்லையாம். கதவின் மேல் மூன்று விரல் சந்தனப் பட்டை காய்ந்து வெடித்திருந்தது.

அக்டோபர் 9

மதியம் இயந்திரத்தின் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அதன் மின்விசிறிகளின் ஓசை தூரத்து அருவிபோல இருக்கிறது. ஜன்னலில் மலை இல்லை, மேகம் மட்டும். கண் சொருகியது. திரையில் வரிகள் வந்துகொண்டே இருந்தன.

“தலையணையை உயர்த்து” என்று இரண்டாம் குரல் சொன்னது. “தலைமேல் அணை உயர்கிறது” என்றது திரை.

“மாத்திரை போட்டாச்சு” என்றது ஐந்தாம் குரல். “மாமரத்தில் திரை போட்டாச்சு.”

தூக்கத்தில் பேசுகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. அந்த அணையையும் மாமரத்தையும் அரைத் தூக்கத்தில் நான் பார்த்தேன். மரத்தடியில் யாரோ எனக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். இயந்திரம் காலையில் வேறு மாதிரியும் வெயில் ஏறியபின் வேறு மாதிரியும் தவறுகிறது. சூடு ஏறினால் துடிப்புகளின் வேகம் சற்று மாறும் என்கிறார் செபாஸ்டின்.

கடைசியில் நான்காம் குரலைப் போட்டார்கள். “சர்க்கரை கம்மியா” என்பது “சருகுக் கம்மல்” என்று வந்தது. பேசுவதற்கு முன்னால் அந்தக் குரலுக்கு ஒரு சின்னச் செருமல் உண்டு. பதிவில் அது வெட்டப்பட்டிருக்கிறது.

நான்காம் குரலுக்கு உரியவரை நேரில் அழைத்துப் பேசவைத்தால் கூடுதலாகப் புரியும் என்று திலகவதி நினைக்கிறார். மருத்துவமனை மூலம் தொலைபேசி எண் வாங்கியிருக்கிறார். என் எதிரிலேயே கூப்பிட்டார். என் கைப்பையில் என் வீட்டுக்காரருடைய பழைய கைப்பேசி, வீட்டில் வைத்தால் கீழே போடுகிறார் என்று நான் எடுத்து வந்தது, அதிர்ந்தது. எடுக்கவில்லை. பேட்டியின் நடுவே எடுப்பது எனக்கு வழக்கமில்லை.

“ரிங் போவுதுங்க்கா, எடுக்க மாட்டேங்கறாங்க” என்றார் திலகவதி. பிறகு என் பையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், காப்பி சொல்லட்டுமா என்று கேட்டார்.

அக்டோபர் 12

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் பவுனம்மா கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு செய்தி சொன்னார்.

“அம்மா, நீங்க வெளக்குப் போட எந்திரிச்சுப் போறீங்கல்ல. போனதுக்கப்பறம் ஐயா இன்னும் என்னமோ சொல்றாருங்க. நீங்க வர்றதுக்குள்ள நிறுத்தீருவாரு.”

சரிபார்க்க வேண்டும். ஒரே சாட்சி.

மாலையில் ‘இ’ வந்தது. இருமல் மருந்தாக இருக்கும் என்று வெந்நீரும் புட்டியும் கொண்டுவந்தேன். வேண்டாம் என்று தலையசைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். கோபமில்லை, களைப்பு என்றுதான் நினைக்கிறேன்.

நான் எழுதியதையெல்லாம் அச்சுக்கு முன் படித்துத் திருத்தியவர் இவர். எங்கள் செய்தித்தாளின் மெய்ப்புப் பிரிவில் இருந்தார். பதிப்பு நேரம் நெருங்கும்போது அவர் கடைசி வரிக்கு வருவதற்குள் பக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவேன். வேகத்தில் அன்று என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அக்டோபர் 15

காரணம் தெரிந்துவிட்டது. இரண்டு ஆதாரங்கள், இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

மதியச் சாப்பாடு. செபாஸ்டின் தன் மேசையில் டப்பா வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். திருகாணி, கம்பித் துண்டு, பாதி தின்ற கடலை மிட்டாய். திலகவதி சும்மா இருக்க மாட்டார்.

“உங்க மேசையும் அந்தப் பின்கதவாட்டந்தான் கெடக்குது.”

“பின்கதவுக்கு என்ன மேடம்?”

“காடாட்டம் இருந்துச்சு. பூஜைக்கு நானே உக்காந்து அத்தனை சுருளையும் எடுத்துப்போட்டு, கச்சிதமா சின்னக் கம்பியா மாத்தீட்டேன். ஒவ்வொண்ணுக்கும் பொட்டு வெச்சிருக்கேன். போயிப் பாருங்க, கண்ணுல ஒத்திக்கலாம்.”

செபாஸ்டின் டப்பா மூடியை மெதுவாகக் கீழே வைத்தார்.

“மேடம், அந்தக் காட்ட நட்டது நான்தான்.”

வெளியே மழை பிடித்திருந்தது.

நடந்தது இது. திலகவதி ஜூனில் வெளிநாட்டில் இருந்தபோது, பக்கத்துப் பக்கத்தில் உள்ள பலகைகளின் துடிப்புகள் முந்தி வந்து தாளத்தைக் கெடுப்பதை செபாஸ்டின் கண்டுபிடித்தார். அந்தக் கம்பிகளை வேண்டுமென்றே நீளமாக்கிச் சுருட்டி வைத்தார். கிட்டத்தில் இருப்பவனும் சுற்றிக்கொண்டு வரட்டும், தூரத்தில் இருப்பவனோடு சேர்ந்து வரட்டும் என்று. வேலை செய்தது. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. திலகவதிக்கோ, கருவியை அவரவர் கையால் துடைத்து வைக்க வேண்டும் என்பது அவர் அப்பாவின் பட்டறையிலிருந்து வந்த பழக்கம். துடைக்கப் போனவர் சுருள்களைக் குப்பை என்று நினைத்தார். செபாஸ்டின் ஊரில் இருந்தார். கதவை மூடியபின் யாரும் திறக்கவில்லை.

“இத்தன நாளா சாப்ட்வேர் எழுதுன பசங்களத் திட்டீட்டு இருந்தனே” என்று திலகவதி சொன்னார். சாப்பாட்டுக் கை காய்ந்துபோயிருந்தது. செபாஸ்டின் அவருடைய டப்பாவில் தன் கருவாட்டுத் துண்டு ஒன்றை வைக்கப் போய், அவர் சாப்பிட மாட்டார் என்பது நினைவுக்கு வந்து, திரும்ப எடுத்துக்கொண்டார்.

பழைய சுருள்கள் பூஜைக்கு முன்பே பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போய்விட்டன. எல்லாவற்றையும் புதிதாக அளந்து வெட்ட வேண்டும். முப்பதாம் தேதிக்குள் முடியுமா என்று கேட்டேன். தெரியாது என்று இருவரும் சொன்னார்கள்.

அக்டோபர் 17

கம்பியின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். நிருபர் கை வைக்கக் கூடாதுதான், ஆனால் ஆள் போதவில்லை. செபாஸ்டின் அளக்கிறார், திலகவதி வெட்டுகிறார், பொட்டு வைத்த சின்னக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார். விரல் நுனியெல்லாம் குங்குமம். அளந்த கம்பியைச் சுருட்டும்போது அது தானாகவே உருண்டுகொள்கிறது, தூங்குகிற பூனைபோல.

“இன்னும் ஒரு சாண் விடுங்க மேடம். இவன் ரொம்ப அவசரக்காரன்” என்கிறார் செபாஸ்டின் ஒரு பலகையைக் காட்டி.

அக்டோபர் 18

மழை. வேலை நடக்கிறது. சேர்க்க வேறு ஏதும் இல்லை.

அக்டோபர் 20

தீபாவளி. மாலையில் அவரைச் சக்கர நாற்காலியில் பால்கனிக்குக் கொண்டுவந்தேன். எங்கள் தெருவில் வெடி குறைவு. குளத்துக்கு அக்கரையில்தான் வாணம் விட்டார்கள். முதலில் வானத்தில் பச்சையாகப் பூ விரியும், அது உதிரத் தொடங்கிய பிறகுதான் சத்தம் நீரைத் தாண்டி வந்து சேரும்.

ஒரு பெரிய சிவப்புப் பூ விரிந்தது. அவர் என் பக்கம் திரும்பி இடது கையின் ஒரு விரலை உயர்த்தினார். அந்த ‘இ’ச் சொல்லைச் சொன்னார். சத்தம் வந்தது. விரலை இறக்கினார். சிரித்ததுபோல இருந்தது. அடுத்த பூவுக்கும் அதையே செய்தார். விரல், சொல், சத்தம்.

இரைச்சல் தாங்கவில்லை என்கிறார் என்று புரிந்துகொண்டு அவரை உள்ளே தள்ளிவந்து ஜன்னலைச் சாத்தினேன். 

அக்டோபர் 24

இன்று காலை பலகைகள் எல்லாம் ஒன்றாகத் துடிக்கத் தொடங்கின. செபாஸ்டின் உறுதிசெய்தார். சோதனையைத் தள்ளி நின்று நானும் பார்த்தேன். முதலாம் குரல் “ஜன்னலைத் திற” என்றது. திரை “ஜன்னலைத் திற” என்றது. யாரோ எழுந்துபோய் உண்மையிலேயே ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். மலை முழுவதும் தெரிந்தது.

ஐந்து குரல்கள் சரியாக வருகின்றன. நான்காம் குரல் மட்டும் பாதியில் நிற்கிறது. பதிவுகளே பாதியில் நிற்கின்றன என்பதுதான் காரணம். சொல்லின் முன்னும் பின்னும் யாரோ அவசரமாக வெட்டியிருக்கிறார்கள். ஆள் நேரில் வந்து பேசாவிட்டால் அந்தக் குரலைக் குழுவுக்குக் காட்ட முடியாது. காட்டாத குரல் திட்டத்தில் இருக்காது.

திலகவதியைத் தாழ்வாரத்துக்கு அழைத்தேன். நான்காம் குரலின் வீட்டார் நான்தான் என்றேன். கட்டுரை எழுதுகிறவள் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது. பத்திரிகைக்கும் இன்றே தகவல் அனுப்பிவிட்டேன், கட்டுரையை வேறொருவர் எழுதுவார்.

“தெரியுங்க்கா” என்றார். “அன்னிக்கு உங்க பையில அந்த ஃபோன் அதிர்ந்தப்பவே தெரியும்.”

“ஏன் கேக்கல?”

“நீங்களா சொல்லட்டும்னுதான்.”

அக்டோபர் 28

என் வீட்டுக்காரரைக் காரில் அழைத்துவந்தோம். மலையை வழியெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தார். ஆய்வுக்கூடத்தில் செபாஸ்டின் அவருக்கு இயந்திரத்தின் பின்கதவைத் திறந்து காட்டினார். சுருள்களை நெடுநேரம் பார்த்தார். மெய்ப்புப் படிக்கும்போது பார்க்கும் பார்வை அது.

சட்டைக் காலரில் மைக்கை மாட்டினார்கள். திரை எதிரே. நான் பக்கத்தில், வழக்கமான தூரத்தில். செருமினார். வாய் திறந்தது.

திரையில்: இரு.

அவ்வளவுதான். ‘இரு’. இருட்டு அல்ல, இருமல் அல்ல. அதை நான் அவருக்குப் படித்துக் காட்டினேன். “இருங்கறீங்களா? எங்க இருக்கணும்? இங்கயா? தண்ணி வேணுமா?”

திரையில் வரி கலைந்தது. இருதண்ணி எங்கவே.

செபாஸ்டின் தலையைச் சொறிந்தார். “மேடம், தப்பா நினைக்காதீங்க. இயந்திரம் சரியாத்தான் கேக்கு. நீங்க பேசுறது சாரோட மைக்குல முந்தி ஏறுது.”

நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டார்கள். கையை மடியில் வைத்துக்கொண்டேன். பேட்டிகளில் கேள்வி கேட்டபின் மௌனமாக இருப்பது எப்படி என்று எத்தனையோ புது நிருபர்களுக்கு நான் வகுப்பு எடுத்திருக்கிறேன்.

நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. மின்விசிறிகளின் அருவி மட்டும். திலகவதி அசையவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு விரலை உயர்த்தினார். வாணத்துக்கு உயர்த்திய அதே விரல்.

திரையில்: இரு.

இன்னும் ஒரு நீண்ட இடைவெளி. அதில் ஒரு மழை வந்து போயிருக்கலாம்.

திரையில்: நான் இன்னும்

அங்கே நின்றது. அவர் முகத்தில் வியர்வை. களைத்துவிட்டார், இன்றைக்குப் போதும் என்று மருத்துவமனையிலிருந்து வந்திருந்த பேச்சுப் பயிற்சியாளர் சொன்னார். மைக்கைக் கழற்றினார்கள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மனம் முழுக்கச் சொற்கள் முந்திக்கொண்டு நின்றன. ஒன்றையும் வெளியே விடவில்லை.

அக்டோபர் 30

நிதிக் குழு வந்தது, மதியம் வரை இருந்தது. ஆறு குரல்களும் காட்டப்பட்டன. நான்காம் குரலின் மூன்று சொற்களை, நிறுத்தற்குறி இல்லாமல், அப்படியே காட்டினார் திலகவதி. வாக்கியம் முடியவில்லையே என்று குழுவில் ஒருவர் கேட்டதற்கு, முடியாததை முடிந்ததுபோலக் காட்டாததுதான் இந்த இயந்திரத்தின் இப்போதைய யோக்கியதை என்று அவர் பதில் சொன்னாராம். செபாஸ்டின் தொலைபேசியில் சொன்னார். நான் போகவில்லை.

நிலுவையில் இருப்பவை:

திட்டம் தொடருமா என்பது. குழு எழுத்தில் தெரிவிக்கும், நவம்பர் இரண்டாம் வாரம்.

‘இன்னும்’ என்பதற்குப் பிறகு வரும் சொல். இன்னும் முடிக்கவில்லை என்கிறாரா, இன்னும் இருக்கிறேன் என்கிறாரா, வேறு ஏதுமா, ஊகிக்கக் கூடாது. ஆதாரம் அவர் ஒருவரே. எதிர்பார்க்கப்படும் நேரம் இன்று மாலை, தூங்கி எழுந்த பிறகு. இருட்டிக்கொண்டு வருகிறது. நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டிருக்கிறேன். விளக்கைப் போடவில்லை.